போர் நிறுத்தாத ஆட்டம்

இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் கவுண்டி கிரிக்கெட் நின்றது. ஆஸ்திரேலியாவில் ஷெஃபீல்டு ஷீல்டு நின்றது. ஒலிம்பிக் இரண்டு முறை நடக்கவில்லை. இந்தியாவின் ரஞ்சிக் கோப்பை மட்டும் ஒரு பருவம்கூட நிற்கவில்லை. சேப்பாக்கத்திலும் பம்பாயிலும், கடல் கடந்து அமெரிக்கக் கல்லூரி மைதானங்களிலும் அந்த நாட்களில் ஆடியவர்களின் கதை இது.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மாவில் கடை வைத்திருந்தவர்களும் கூலி வேலை செய்தவர்களுமாக லட்சக்கணக்கான இந்தியர்கள், காடும் மலையும் தாண்டி நடந்தே திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 5-இல் கொழும்பின் மீது குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று எல்லாரும் நம்பினார்கள்.

அவசியப் பணி இல்லாதவர்கள் நகரை விட்டுப் போய்விடும்படி அரசு சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்ற பயத்தில், மிருகக்காட்சிச் சாலையிலிருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயிலுக்குக் கூட்டம் அலைமோதியது. பூட்டிய வீடுகளும் வெறிச்சோடிய தெருக்களுமாக நகரம் கிடந்தது.

சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காஞ்சிபுரத்துக்குப் போர் வேறு வழியில் வந்திருந்தது. போருக்கு முன் ஜப்பான் பட்டும் சீனப் பட்டும் மலிவு விலையில் இந்தியச் சந்தையில் வந்து குவிந்தன. கப்பல் நின்றதும் அந்த வரத்து நின்றது. மைசூரிலும், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கொள்ளேகாலிலும் விளைந்த பட்டுக்குப் புதிதாக ஒரு போட்டி முளைத்தது. ராணுவம் பாராசூட்டுக்குப் பட்டு கேட்டது. தறியில் ஏறவேண்டிய நூலில் ஒரு பங்கு வானத்துக்குப் போனது. அதே மார்ச் மாதத்தில், இதே காஞ்சிபுரத்திலிருந்து அண்ணாவின் ‘திராவிட நாடு’ வார இதழ் வெளிவரத் தொடங்கியது. பஞ்சமும் பயமும் நிறைந்த அந்த நாட்களிலும் எழுத வேண்டியவர்கள் எழுதினார்கள், நெய்ய வேண்டியவர்கள் நெய்தார்கள். ஆட வேண்டியவர்கள் ஆடினார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நாடே தவிக்கும்போது ஆட்டம் ஒரு கேடா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. அந்தக் கேள்விக்குள்ளேயே இன்னொரு கேள்வியும் ஒளிந்திருந்தது: ஆடுகிற அணி யாருடையது? ஊருடையதா, மதத்துடையதா, இனத்துடையதா? போர்க்காலம் அந்தக் கேள்விக்கு ஒரு தீர்ப்பை எழுதியது.

மொறப்பாக்கத்திலிருந்து ஒருவர்

அண்ணா பிறந்த அதே 1909-இல், அதே பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், மொறப்பாக்கம் என்ற கிராமத்தில் பிறந்தவர் எம்.ஜே. கோபாலன். சிறு வயதிலேயே குடும்பம் திருவல்லிக்கேணிக்கு வந்துவிட்டது. சேப்பாக்கம் மைதானம் அங்கிருந்து நடக்கிற தூரம். ஆனால் அந்த மைதானம் அன்று வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்குச் சொந்தம். இந்தியர்களுக்கு என ஒரு கிளப் வேண்டும் என்று புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியிருந்தார். பொங்கலை ஒட்டி ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் நடக்கும் பிரசிடென்ஸி ஆட்டம் நகரத்தின் பெரிய திருவிழா. ஆளுகிறவனையும் ஆளப்படுகிறவனையும் இரண்டு பக்கம் நிறுத்திய ஆட்டம் அது.

கோபாலன் வேகப்பந்து வீச்சாளர். அதே அளவுக்கு ஹாக்கியிலும் கெட்டிக்காரர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார். 1935-இல் தியான் சந்தோடு இந்திய ஹாக்கி அணியில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போய் வந்தார். 1936-இல் அவர் முன்னால் இரண்டு கப்பல்கள் நின்றன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்குக்கு, மற்றது இங்கிலாந்து கிரிக்கெட் பயணத்துக்கு. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். பெர்லினில் ஹாக்கி அணி தங்கம் வென்றது. இங்கிலாந்தில் கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்கூட ஆடக் கிடைக்கவில்லை.

ஆனாலும் ஒரு பெருமையை அவரிடமிருந்து யாரும் எடுத்துவிட முடியாது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். சென்னையும் மைசூரும் மோதின. அந்தக் கோப்பையின் வரலாற்றில் முதல் பந்தை வீசியவர் கோபாலன். அன்றைய நாயகன் ஏ.ஜி. ராம்சிங். சென்னையிலேயே வாழ்ந்து ஆடிய சீக்கியர் அவர். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்துப் பதினொரு விக்கெட் சாய்த்தார். மைசூர் 48, 59. சென்னை 130. காலையில் தொடங்கிய ஆட்டம் அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது.

மொறப்பாக்கத்துத் தமிழரும் ஒரு சீக்கியரும் சேர்ந்து ‘மெட்ராஸ்’ என்ற ஒரே பெயருக்காக வியர்வை சிந்தினார்கள். சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயரும் அந்தக் காலத்துச் சென்னை அணிக்கு ஆடியவர்தான். பிரசிடென்ஸி ஆட்டத்தில் எதிரெதிராக நின்றவர்கள், ரஞ்சியில் ஒரே பக்கம் நின்றார்கள். ரஞ்சிக் கோப்பை கொண்டுவந்த மாற்றம் இதுதான். ஊர் என்ற ஒன்று அணியின் அடையாளமானது.

சமஸ்கிருதப் பேராசிரியரும் சேப்பாக்கமும்

1939 செப்டம்பர் 3 அன்று, இந்தியத் தலைவர்கள் யாரையும் கேட்காமலே இந்தியா போரில் இருப்பதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். அதை எதிர்த்து மாகாண காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னையில் ராஜாஜி விலகினார். அந்தக் குழப்பத்துக்கு நடுவிலும் ரஞ்சிப் பருவம் தொடங்கியது. அந்த முதல் போர்க்காலக் கோப்பையை மகாராஷ்டிரம் வென்றது.

அடுத்த பருவமான 1940–41-இல் சென்னை இறுதி ஆட்டம் வரை வந்தது. இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். எதிரணி மறுபடியும் மகாராஷ்டிரம். அதன் தலைவர் டி.பி. தேவ்தர். புனாவில் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்த பேராசிரியர். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் பம்பாய்க்கு எதிராக அவர் 246 ரன் எடுத்திருந்தார். அந்த ஆட்டத்தில் மகாராஷ்டிரம் 675 எடுக்க, பம்பாய் 650 வரை துரத்திக்கொண்டு வந்தது. வகுப்பில் இலக்கணம் சொல்லிக்கொடுத்த மனிதர், தன் மாணவர்கள் வயதிலிருந்த பந்துவீச்சாளர்களைக் களைக்க வைத்தார்.

இறுதி ஆட்டத்தில் சென்னை ஆறு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. 1935–36-இல் பம்பாயிடம் தோற்றதற்குப் பிறகு சென்னைக்கு இது இரண்டாவது இறுதித் தோல்வி. கோபாலன், ராம்சிங் தலைமுறையின் கைக்கு எட்டிய கோப்பை வாய்க்கு எட்டவில்லை. அடுத்த ஆண்டே நகரம் காலியானது. கோப்பை மைசூரையும் பம்பாயையும் நோக்கிப் போனது. 1941–42-இல் மைசூரை வென்று பம்பாய் கோப்பையை எடுத்தது.

பசிபிக்கின் அக்கரையில்

சென்னையைக் காலி செய்யவைத்த அதே ஜப்பானிய அச்சம், சில மாதங்களுக்கு முன்பே பசிபிக் கடலின் மறுகரையில் ஒரு கல்லூரி அணியின் பருவத்தைத் தலைகீழாக்கியிருந்தது. அமெரிக்கக் கால்பந்து நம் கால்பந்து போன்றதல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மறிப்பவர்களை மோதித் தள்ளி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் ஆட்டம். அங்கே கல்லூரி அணி என்றால் ஓர் ஊரின் மானம். அன்று கல்லூரிப் பருவத்தின் உச்சம், புத்தாண்டு தினத்தில் கலிபோர்னியாவின் பசடீனாவில் நடக்கும் ரோஸ் பவுல்.

1941-இல் ஆரெகன் ஸ்டேட் கல்லூரி அணி, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தன் பக்கத்து ஊர்ப் பரம எதிரியான ஆரெகன் பல்கலைக்கழகத்தை 12–7 என்று வென்று, பசிபிக் கரை சாம்பியனாகி, ரோஸ் பவுலுக்குத் தகுதி பெற்றது. எதிரணி வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகம். பருவம் முழுக்க ஒரு தோல்விகூட இல்லாத அணி. வெற்றிக் கொண்டாட்டம் ஓய்வதற்குள், டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு வீசியது. மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடக் கூடாது என்று ராணுவம் சொன்னது. டியூக் தன் மைதானத்தைக் கொடுக்க முன்வந்தது. பக்கத்துக் கல்லூரிகளிடம் இரவல் இருக்கைகள் வாங்கிப் போட்டார்கள். ஆரெகன் அணி ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, கண்டம் முழுவதையும் ரயிலில் கடந்து போனது.

அந்த ரயிலில் ஒருவர் ஏறவில்லை. அவர் ஜாக் யோஷிஹாரா. ஜப்பானில் பிறந்து, மூன்று வயதில் அமெரிக்காவுக்கு வந்து, அங்கேயே வளர்ந்தவர். பயிற்சியின்போது மைதானத்துக்கு வந்த எஃப்.பி.ஐ. அதிகாரிகள், அவர் அணியோடு பயணம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பருவம் முழுக்கத் தோள் உரசி ஆடிய தோழர்கள் டியூக்கின் ஊரான டர்ஹாமில் மழையில் ஆடியபோது, அவர் ஆரெகனில் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தார். 1942 ஜனவரி 1 அன்று ஆரெகன் ஸ்டேட் 20–16 என்று வென்றது. பாப் டெத்மன் எறிந்த நீண்ட பந்தை ஜீன் கிரே பிடித்து ஓடி வெற்றிக்கான புள்ளிகளை எடுத்தார்.

ஏழு வாரத்தில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். யோஷிஹாராவும் போனார், ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்கு. தோழர்கள் போர்முனைக்குப் போனார்கள்.

அந்த ஆட்டத்தில் எதிரெதிராக நின்றவர்களைப் போர் ஒரே சேற்றில் கொண்டுபோய் நிறுத்தியது. இத்தாலியில் டியூக் அணியின் சார்ல்ஸ் ஹெய்ன்ஸ் படுகாயமடைந்து மலைச்சரிவில் கிடந்தார். அவரைக் கண்டெடுத்துச் சுமந்து வந்து காப்பாற்றியவர் ஆரெகன் ஸ்டேட் அணியின் ஃபிராங்க் பார்க்கர். அந்த இரு அணிகளையும் சேர்ந்த நால்வர் போரில் இறந்தார்கள். வெற்றிப் பந்தைப் பிடித்த ஜீன் கிரே, போருக்குப் பிறகு ஒரு விமான விபத்தில் இரண்டு கைகளையும் இழந்தார். டியூக் பயிற்சியாளர் வாலஸ் வேட், ஐம்பதை நெருங்கிய வயதில் தானும் ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் சண்டையிட்டார்.

யோஷிஹாராவுக்கு வெற்றி அணியின் மோதிரம் கிடைக்க 1985 வரை ஆனது. முகாமுக்கு அனுப்பப்பட்ட தன் பழைய மாணவர்களுக்கு 2008-இல் ஆரெகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் அளித்தது. அவர்களில் அவரும் ஒருவர். 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்தது. ஆடாமல் போன அந்த ஒரு நாள் திரும்ப வரவில்லை. அணியில் யார் இருக்கலாம் என்பதை ரத்தத்தைப் பார்த்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி.

மதத்தின் பெயரால் பதினொருவர்

நம் நாட்டிலும் அதே பிளவு, வேறு உருவத்தில், பம்பாய் மைதானத்தில் ஆண்டுதோறும் அரங்கேறியது. பெண்டாங்குலர் என்ற ஐந்தணிப் போட்டியில் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என நான்கு அணிகள் இருந்தன. இவற்றில் சேராத கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியர், யூதர் எல்லாரையும் ‘மற்றவர்கள்’ என்று ஓர் அணியாக்கி 1937-இல் ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். அன்றைய இந்தியாவில் அதிகக் கூட்டம் கூடிய போட்டி இதுதான். ரஞ்சிக்கு அந்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. ஆட்டத்தின் தரத்திலும் குறை சொல்ல முடியாது.

1940 டிசம்பரில் பம்பாய் இந்து ஜிம்கானாவினர் வார்தாவுக்குப் போய் காந்தியின் கருத்தைக் கேட்டார்கள். காந்தி நேராகச் சொன்னார்: போர்க்காலத் துயரத்தின் நடுவே கேளிக்கை வேண்டுமா என்பது ஒரு பக்கம். அதைத் தவிர, கல்லூரிகளும் நிறுவனங்களும் தங்களுக்குள் ஆடுவது தமக்குப் புரிகிறது என்றும், இந்துக்களின் அணி, முஸ்லிம்களின் அணி என்று பிரித்து ஆடுவதற்கான காரணம் தமக்குப் புரியவே இல்லை என்றும் கூறினார்.

1942-இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் நாடு கொதித்தபோது பெண்டாங்குலர் நடக்கவில்லை. 1943-இல் மறுபடி நடந்தது. அந்த டிசம்பரில் பிரபோர்ன் மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டம் கிரிக்கெட் புத்தகங்களில் இருக்கிறது. இந்துக்கள் அணி 581 எடுத்து இன்னிங்ஸை டிக்ளேர் செய்தது. விஜய் மெர்ச்சன்ட் ஆட்டமிழக்காமல் 250. ‘மற்றவர்கள்’ முதல் இன்னிங்ஸில் 133-க்குச் சுருண்டார்கள். இரண்டாவதில் 387. அதில் விஜய் ஹசாரே மட்டும் 309. தம்பி விவேக்கும் அவரும் 300 ரன் சேர்த்தபோது, அதில் தம்பியின் பங்கு 21. தோற்ற அணியின் ஒற்றை மனிதர், வென்ற அணியை விடப் பெரிதாக நின்றார். ஹசாரே கிறிஸ்தவர் என்பதால் ‘மற்றவர்கள்’ பட்டியலில் இருந்தார். பின்னாளில் இந்தியாவின் தலைவராக, 1952-இல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வீழ்த்தி நாட்டுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தந்தவரும் அவர்தான்.

அந்த இன்னிங்ஸ் நடந்த அதே மாதங்களில் வங்காளத்தில் பஞ்சம். சுமார் முப்பது லட்சம் பேர் இறந்ததாகக் கணிப்புகள் சொல்கின்றன. கல்கத்தா வீதிகளில் கஞ்சிக்குக் கையேந்தியவர்கள் அங்கேயே விழுந்து செத்தார்கள். அந்தப் பருவத்தின் ரஞ்சி இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு அணிகளில் ஒன்று வங்காளம். மேற்கு இந்திய சமஸ்தானங்களின் அணியிடம் தோற்றது. பசித்த ஊரின் பெயரைச் சுமந்து ஆடிய அந்தப் பதினொருவரைக் கேளிக்கைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்தித்தாளில் தங்கள் ஊரின் பெயர் சாவுக்கணக்குக்காக மட்டுமே வந்துகொண்டிருந்த காலத்தில், அது வேறொரு காரணத்துக்காகவும் வந்தது. அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

போர் எடுத்துக்கொண்டவை

1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டில், முதல் இன்னிங்ஸில் 49 ரன் கொடுத்து ஏழு விக்கெட், ஆட்டம் முழுக்கப் பதினொரு விக்கெட் எடுத்து இந்தியாவைச் சாய்த்தவர் இங்கிலாந்தின் ஹெட்லி வெரிட்டி. அவருடைய இடது கைச் சுழலைப் பார்த்தவர்கள் சென்னையில் நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். 1943 ஜூலையில் சிசிலியில் தன் படைப்பிரிவை முன்னின்று நடத்தும்போது குண்டடிபட்டார். மாதக் கடைசியில் இத்தாலியில் போர்க்கைதியாக இறந்தார். வயது 38.

இந்திய ஆட்டக்காரர்களிடமிருந்து போர் எடுத்தது பெரும்பாலும் வயதை. 1936 ஆகஸ்டுக்குப் பிறகு இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946 ஜூனில். பத்து ஆண்டுகள். 1934-இல் தொடங்கிய கோபாலனின் டெஸ்ட் கணக்கு அந்த ஒன்றோடு முடிந்தது. ராம்சிங் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஹசாரே முதல் டெஸ்ட் ஆடும்போது வயது 31. நெசவாளிக்கு நூல் கிடைக்காத ஆண்டுகள் போலவே இவர்களுக்கு அந்த ஆண்டுகள். கை இருந்தது, தொழில் இருந்தது, ஏற்ற வேண்டிய பாவு மட்டும் வரவில்லை.

அந்த வெறுமையில் ரஞ்சிதான் அவர்களுக்கு இருந்த முக்கியக் களம். அதனால் அது கொழித்தது. 1943–44-இல் மெர்ச்சன்ட் 359 எடுத்தார். 1944–45-இல் பம்பாயின் ரூசி மோடி ஒரே பருவத்தில் ஆயிரம் ரன்னைத் தாண்டிய முதல் மனிதரானார். அந்தப் பருவ இறுதியில் ஹோல்கர் அணிக்கு சி.கே. நாயுடு தலைமை. அவர் அணியில், மௌ ராணுவ முகாமில் பணியிலிருந்த இங்கிலாந்தின் டெனிஸ் காம்ப்டன். பம்பாய் 462, 764. மெர்ச்சன்ட் 278. ஹோல்கர் நான்காவது இன்னிங்ஸில் 492 எடுத்தும் 374 ரன்னில் தோற்றது. காம்ப்டன் ஆட்டமிழக்காமல் 249. அந்த ஆட்டத்தில் விழுந்த மொத்த ரன் 2,078. நாட்டை ஆளும் இனத்தைச் சேர்ந்த சிப்பாய், ஓர் இந்திய சமஸ்தானத்தின் தொப்பியை அணிந்து, ஓர் இந்தியத் தலைவரின் சொல் கேட்டு ஆடினார். ஊரின் பெயரால் அணி சேரும்போது மட்டுமே இது நடக்கும்.

சேப்பாக்கத்துக்கு வந்த சிப்பாய்கள்

போர் முடிந்த 1945 கடைசியில் ஆஸ்திரேலியப் படைவீரர் அணி இந்தியாவுக்கு வந்தது. தலைவர் லிண்ட்சே ஹாசெட். அணியில் போர்விமானம் ஓட்டிய கீத் மில்லர், ஜெர்மானியர் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து மெலிந்து வந்த கிரகாம் வில்லியம்ஸ். இந்திய தேசிய ராணுவ (ஐ.என்.ஏ.) வீரர்கள் மீதான வழக்கால் நாடு மீண்டும் கொந்தளித்த நேரம். கல்கத்தாவில் போராட்டக்காரர்கள் மைதானத்துக்குள் வந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

டிசம்பரில் சேப்பாக்கத்தில் மூன்றாவது அதிகாரப்பூர்வமற்ற டெஸ்ட். ஹாசெட் 143 எடுத்தார். இந்தியாவுக்கு ரூசி மோடி 203, லாலா அமர்நாத் 113. இந்தியா ஆறு விக்கெட்டில் வென்றது. தொடரும் இந்தியாவுக்கே. மூன்றரை ஆண்டுக்கு முன் மக்கள் மூட்டை முடிச்சோடு ஓடிய அதே நகரத்தில், திரும்பி வந்த மக்களின் முன்னால் அந்த வெற்றி.

அதன் பிறகு பெண்டாங்குலரும் வரலாறாகிவிட்டது. 1945–46 பருவத்தோடு அது நிறுத்தப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் கூட்டம் கூட்டிய போட்டி, மதத்தால் அணி பிரித்த ஒரே காரணத்தால், புதிய நாட்டில் இடமில்லாமல் போனது. சென்னையின் பிரசிடென்ஸி ஆட்டமும் 1950-களின் தொடக்கத்தில் முடிந்தது. ரஞ்சி நிலைத்தது. 1954–55-இல் சென்னை முதன்முறையாக அதை வென்றபோது, இந்தூரில் ஹோல்கரை வீழ்த்திய அந்த அணியின் முக்கிய வீரர் கிருபால் சிங். முதல் நாளில் பதினொரு விக்கெட் எடுத்த ராம்சிங்கின் மகன். தந்தைக்குக் கிடைக்காத கோப்பையும் டெஸ்ட் தொப்பியும் மகனுக்குக் கிடைத்தன. கோபாலன் பெயரில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு கோப்பை தொடங்கப்பட்டு, பல ஆண்டுகள் இரு கரையின் வீரர்களும் அதற்காக ஆடினார்கள். அவர் 2003-இல் மறைந்தார்.

உலகப் போர், பஞ்சம், பிரிவினை என எதனாலும் நிற்காத ரஞ்சிக் கோப்பை, 2020–21-இல் கொரோனாவால் முதன்முறையாக நின்றது. அதே குளிர்காலத்தில், 2021 ஜனவரி 1 அன்று, 1942-க்குப் பிறகு முதன்முறையாக ரோஸ் பவுல் பசடீனாவை விட்டு டெக்சாஸுக்குப் போனது. இரண்டும் மறுபடி தங்கள் இடத்துக்குத் திரும்பிவிட்டன.

இன்று காஞ்சிபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை, பள்ளி மைதானம், காலிமனை எல்லா இடத்திலும் பையன்கள் ஆடுகிறார்கள். டென்னிஸ் பந்துப் போட்டிகளுக்குச் சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு, சுவரொட்டி எல்லாம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் இன்னமும் சில ஊர்களில் தெருவைப் பார்த்து, சாதியைப் பார்த்து அணி பிரிக்கிறார்கள். அந்தத் தெருப் பையன் நன்றாகப் பந்து போடுவான் என்று தெரிந்தும் சேர்ப்பதில்லை. இது சிறிய விஷயம் என்று பெரியவர்கள் கடந்துபோகிறார்கள். சிறிய விஷயமே அல்ல. பம்பாயில் ஐம்பது ஆண்டு நடந்ததும், ஆரெகனில் ஒரு மாணவனுக்கு நடந்ததும் இதே காரியம்தான்.

ஊர்ப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அணிப் பட்டியல் எழுதும்போது எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். நன்றாக ஆடுகிற பதினொரு பேரை எடுத்து, ஊரின் பெயரை மட்டும் சட்டையில் போடுங்கள். ரஞ்சி ஆட்டம் சேப்பாக்கத்துக்கு வரும் நாளில் அந்தப் பிள்ளைகளை ஒருமுறை ரயிலேற்றிக் கூட்டிப் போங்கள். இந்தக் கோப்பையின் முதல் பந்தை இங்கேதான், நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த ஒருவர் வீசினார் என்று சொல்லிக் காட்டுங்கள். அவர் பெயர் மொறப்பாக்கம் கோபாலன்.